ஹல் துறைமுகத்து ரயில் நிலையங்களும் நம் போர்ட் வெல்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ரயில் நிலையங்களைக் காப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கோலாலம்பூர், ஈப்போ கட்டடங்களோடு நின்றுவிடுகிறோம். துறைமுக நிலையங்களை யாரும் கண்டுகொள்வதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு அவைதான் முக்கியம், குறிப்பாகப் பேராக்கின் பழைய துறைமுகமான போர்ட் வெல்ட். இந்த விஷயத்தில் இங்கிலாந்தின் ஹல் நகரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

1840-ஆம் ஆண்டில் ஹல்லுக்கு வந்த முதல் ரயில் பாதை, ஹம்பர் கப்பல்துறையை ஒட்டி மேனர் ஹவுஸ் தெருவில் முடிந்தது. சரக்கு ஏற்றி இறக்கத் தோதான இடம். ஆனால் ஊர் மக்களுக்கு ஒதுக்குப்புறம். 1848-இல் நகருக்குள் பாரகன் நிலையம் திறந்ததும் பழையது சரக்கு நிலையமானது. துறைமுக ஊர்களில் பெரும்பாலும் இப்படித்தான்: முதல் நிலையம் கப்பலைத் தேடிப் போகும், அடுத்தது மக்களைத் தேடி வரும். 1885-இல் போட்டிக்கு வந்த ஹல்-பார்ன்ஸ்லி ரயில் கம்பெனியிடம் பெரிய நிலையம் கட்டப் பணம் போதவில்லை. கேனன் தெருவில் ரயில் பெட்டிகள் நிறுத்தும் கொட்டகையையே நிலையமாக்கினார்கள். 1924-இல் பயணிகள் சேவை அங்கிருந்து பாரகனுக்கு மாறிவிட்டது.

தண்டவாளமே இல்லாத நிலையம் ஒன்றும் ஹல்லில் இருந்தது. கார்ப்பரேஷன் பியர் என்ற அந்த இடத்தில் ரயில் டிக்கெட் வாங்கி, நீராவிப் படகில் ஹம்பர் ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையான நியூ ஹாலண்டில் ரயிலேற வேண்டும். ஹம்பரில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நீர் வற்றும் வேளையில் படகு தரைதட்டினால், அடுத்த ஏற்றம் வரும்வரை நடு ஆற்றிலேயே காத்துக்கிடக்க வேண்டியதுதான். 1981-இல் ஹம்பர் பாலம் திறந்ததும் படகு நின்றது. டிக்கெட் அலுவலகக் கட்டடத்தை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

என் மனத்தில் பதிந்தது 1871-இல் பாரகன் நிலையத்தில் கட்டிய குடிபெயர்வோர் காத்திருப்புக் கூடம். ஸ்காண்டிநேவியாவிலிருந்து ஹல்லில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அமெரிக்கக் கப்பல் பிடித்தவர்கள் லட்சக்கணக்கானோர். மூட்டை முடிச்சோடு அவர்கள் தெருவில் நிற்க, காலரா பரவுமோ என்று ஊர் அஞ்சியது. முகம் கை கழுவ, கழிப்பறை போக, ஒதுங்கி உட்கார, டிக்கெட் முகவரைப் பார்க்க அந்தக் கூடம் எழுந்தது. இரவு தங்க இடமில்லை. நம்மவர்களைப் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்ததும் இதே நோய்ப் பயத்தால்தான். ஹல்லில் அந்தக் கூடம் இன்றும் நிற்கிறது.

இங்கே? நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 8 மைல் ஓடியது. ஈயத்தைக் கப்பலேற்றப் போட்ட கம்பிச்சடக்கு அது. வேலைக்கு இலங்கையிலிருந்து ஆள் வந்தது. இன்று கோல செப்பெத்தாங் என்று பெயர் மாறிய அந்த ஊரில் தண்டவாளம் இல்லை. டிக்கெட் கூண்டும், தமிழ் உட்பட நான்கு மொழிகளில் எழுதிய பெயர்ப்பலகையும் மட்டுமே மிச்சம்.

அந்தப் பலகைக்குப் புதுச் சாயம் பூசுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய எழுத்தைச் சுரண்டுவதற்கு முன் அதன் மேல் தாள் வைத்து அச்செடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ் தெரியாதவர் கண்ணளவில் எழுதினால் முதலில் காணாமல் போவது புள்ளி. பிறகு ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகும். கடற்காற்றில் இரும்பு போல்ட்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு வீங்கினால் போல்ட் பிடித்திருக்கும் இடத்தையே பிளக்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளாக மாற்றுவது நல்லது. மரச் சட்டம் இருந்தால் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்காமல் வடிய வழி விட வேண்டும்.

பக்கத்திலேயே நான்கு மொழியிலும் ஒரு விளக்கப் பலகை வேண்டும். திறந்த தேதி, தூரம், ஏற்றிய சரக்கு, பாதை போட வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது, இந்த நான்கும் அதில் இருந்தால் போதும். ஊராட்சி மன்றமும் ரயில்வே நிர்வாகமும் அடுத்த சாயப் பூச்சுக்கு முன்பே இதைச் செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்