அண்டா கொண்டுவந்த அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும், மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நம் கஞ்சி தருமத்தை முன்னின்று நடத்திய ஐயா காலமாகிவிட்டார், சமையல் கொட்டகையும் இல்லை, ஆனாலும் பசித்து வருபவர்களுக்கு ஊற்றும் காலைக் கஞ்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அரிசி மூட்டை அனுப்பியவர்கள், கூலி வாங்காமல் விறகு இறக்கிய லோடு ஆட்டோ தம்பி, குறிஞ்சிப்பாடியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் வந்து காய் நறுக்கிய, வள்ளலார் வழி நடக்கும் சன்மார்க்க அன்பர்கள், பந்தல்காரர், வராந்தாவைத் திறந்துவிட்ட டீச்சர்... பெயர் போட்டால் யாராவது விட்டுப்போகும், அப்புறம் மனவருத்தம். மொத்தமாக ஒரு கும்பிடு.

ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கும் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஐயாவை அடக்கம் செய்த மறுநாள் விடியற்காலை, எதில் கஞ்சி காய்ச்சுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் டிவிஎஸ் வந்து நின்றது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு அண்டா. புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு, அடியில் இன்னும் ஈரம். வாடகைப் பாத்திரக் கடைக்காரரை நடுராத்திரியில் எழுப்பி வாங்கி, வீட்டில் அவர் மனைவி தேய்த்துக் கொடுத்திருக்கிறார். "எங்க கடையிலயே பெருசா இருக்கு தம்பி, ஆனா அது கறி பட்டது. ஐயா இருந்தா அதுல காய்ச்ச விடமாட்டாரு" என்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வெளியிலேயே நின்று இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு வியாபாரமே அன்றைக்குத்தான். கடை ஷட்டர் இறங்கியே இருந்தது என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

புலால் மறுக்காதவர்களைப் புற இனத்தார் என்பார் வள்ளல் பெருமான். பசி என்று வந்தால் அவர்களுக்கும் பசியாற்றத்தான் வேண்டும் என்பார். அப்படி ஒருவரே வந்து நம் அடுப்புக்கு அண்டா கொடுத்தால் அவரை எந்தக் கணக்கில் வைப்பது? ஐயா இருந்தால் கேட்டிருப்பேன், சிரித்துக்கொண்டே "போய் அடுப்பைப் பாருடா" என்றிருப்பார். நம் நெறியை அந்த அண்ணன் மதித்த அளவுக்கு நாமே மதிக்கிறோமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பசித்தவர்களுக்குச் சோறு போட, பெருமான் வடலூர் தருமச்சாலையில் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1874-இல் அவர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைத் திருக்காப்பிட்டுக்கொண்ட பிறகு அதைக் காத்தவர்கள் கல்பட்டு ஐயா போன்ற சீடர்கள். எனக்கு அவர்கள் ஞானமும் கிடையாது, ஐயாவைப் போலப் பெருமானின் அருட்பெருஞ்ஜோதி அகவலை முழுக்கப் பார்க்காமல் சொல்லவும் வராது. கஞ்சி காய்ச்ச வரும். உயிர் இருக்கும்வரை காய்ச்சுவேன். திதி, கருமாதி எதுவும் நம் வழக்கத்தில் இல்லை என்பதால் ஐயாவுக்கு நான் செய்யக்கூடியதும் இது ஒன்றுதான்.

வரவு செலவை வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அரிசி இந்த மாதத்துக்குப் போதும், விறகுதான் குறைவாக இருக்கிறது. அண்டா வாடகையை அந்த அண்ணன் வாங்க மறுக்கிறார், தெரிந்தவர்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை.