மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தடித்த நாவல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நூலகத்தில் எடுத்துப் படிக்க ஒற்றைச் சொல் தலைப்புள்ள நாவல்கள் என்று உங்கள் ஞாயிறு மலரில் ஒரு பட்டியல் வந்திருந்தது. நல்ல பட்டியல்தான். ஆனால் தயாரித்தவர் அந்தப் புத்தகங்களைக் கையில் தூக்கிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' பக்கத்திலேயே ஜோ டி குரூஸின் 'கொற்கை'. முன்னதை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பின்னது ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். நூலகத்தில் இரண்டுக்கும் அதே இரண்டு வாரத் தவணை.

ராமநாதபுரம் கடற்கரையில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். படகுக்கு ஐஸ் ஏற்ற வரும் பையன்களுக்கு என் மேஜையில் கிடக்கும் நூலகப் புத்தகங்கள்மேல் ஒரு கண். விசைப்படகு வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகிறது. கரைக்கு வந்தால் மீன் பிரிக்க வேண்டும், அப்புறம் தூங்க வேண்டும். அவர்களுக்கு மெலிந்த நாவல்தான் தோது. பூமணியின் 'வெக்கை'யை எடுத்துப்போனவன் அடுத்த நடைக்குள் முடித்துவிட்டான். அசோகமித்திரனின் 'தண்ணீர்' அவ்வளவு எடுபடவில்லை. "எங்கள் அம்மா தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடத்தை வைத்துத் தினமும் உருட்டிக்கொண்டு போகிறாள், இதற்கெல்லாமா கதை எழுதுவார்கள்?" என்றான் ஒருவன். அதைவிட நல்ல மதிப்புரையை நான் படித்ததில்லை.

அதிகம் கை மாறியது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. நாட்டுப்படகில் போகும் வல்லக்காரர்களுக்கும் இயந்திரப் படகில் போகும் லாஞ்சுக்காரர்களுக்கும் இடையிலான பகை அதில் வருகிறது. எங்கள் பக்கம் நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் நடக்கும் வழக்கு தீர்ந்தபாடில்லை. படித்தவர்களில் ஒருவன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். அவன் அப்பா இன்னும் நாட்டுப்படகில் போகிறார். நாவலின் நாயகி பிலோமியின் காதலைப் பற்றி அந்த மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. லாஞ்சுக்காரன் பக்கம் நியாயம் உண்டா என்று, ஐஸ் அரைக்கும் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அவனேதான் பிறகு 'கொற்கை'யை எடுத்தான். தோணிக்காரர்கள் கதை என்று கேள்விப்பட்டதும் விடவில்லை. தவணை முடிந்த அன்று அவன் கடலில் இருந்தான். நான் வாங்கிப் பார்த்தபோது எங்கள் கம்பெனி ஐஸ் சிட்டை ஒன்று, பாதி நனைந்து காய்ந்த நிலையில், இருநூறாம் பக்கத்துக்கு முன்னாலேயே செருகியிருந்தது. அபராதம் சில்லறைக் காசுதான். நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கியதுதான் அவனுக்கு உறைத்தது. அதன் பிறகு அவன் நூலகப் படி ஏறவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. சிலர் கேரளப் படகுகளுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் கரையேற்றிய படகுக்கு மராமத்துப் பார்ப்பார்கள், வலையைச் சரிசெய்வார்கள், மீதி நேரத்தில் படகு நிழலில் சீட்டாடுவார்கள். தடித்த நாவலுக்கு இதைவிட வாய்ப்பான காலம் ஏது? பூமணியின் 'அஞ்ஞாடி', சோ. தர்மனின் 'சூல்', 'கொற்கை' மூன்றும் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவை. மூன்றையும் அவசரமாகப் படிக்க முடியாது. அதிலும் 'சூல்' கண்மாயைப் பற்றியது. கண்மாயை நம்பி விதைக்கும் மாவட்டத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

எனவே, கடலோர நூலகங்களில் தடைக்காலம் முழுவதையும் ஒரே தவணையாக வைத்து இத்தகைய நாவல்களைக் கொடுக்கப் பொது நூலகத் துறை உத்தரவிட வேண்டும். இவை மாவட்ட மைய நூலகத்தோடு நின்றுவிடாமல் ஊர்ப்புற நூலகங்களுக்கும் வர வேண்டும். சொத்து வரியோடு நூலக வரியை நாங்களும்தான் கட்டுகிறோம்.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' இல்லை. வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில் ஒரு தாயும் மூன்று பெண்களும் படும் பாடு அது. வாலிநோக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கும் மாவட்டம் இது. அடுத்த பட்டியலில் அதை முதலில் போடுங்கள்.

ஐஸ் கம்பெனிக் கணக்கர்,
ராமநாதபுரம் மாவட்டம்