73-ஆவது பந்துக்குப் பிறகு

அண்ணா,

இன்று அக்டோபர் 27. 2020-இல் இதே நாள், ஆர்லிங்டன், பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸில் டாம்பா பே ரேஸுக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கும் நடந்த ஆறாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். உங்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ், நன்றாக வீசிக்கொண்டிருந்த தன் பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல்லை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்கியது தவறு என்று நீங்கள் வாதாடியபோது, "ஸ்கோர் தெரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் மேனேஜர் ஆகலாம்" என்று அத்தனை பேர் முன்னால் உங்களைச் சொன்னேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். எல்லார் காதிலும் விழச் சொன்னதை எல்லார் காதிலும் விழத்தான் திரும்பப் பெற வேண்டும், அதனால்தான் போன் செய்யாமல் இங்கே எழுதுகிறேன். அன்று இன்னொன்றும் சொன்னேன். பலரும் படிக்கிற இடத்தில் அது வேண்டாம். எது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் பாதியைத்தான் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதியை விட மனம் வரவில்லை.

கண்ணை மூடினால் அந்த ஒரு காட்சிதான். டாட்ஜர்ஸின் ஆஸ்டின் பார்ன்ஸ் சென்டர் ஃபீல்டுக்கு ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை போகும் ஹிட்) அடிக்கிறார். பிளேக் ஸ்னெல் வீசிய 73-ஆவது பந்து அது. அதுவரை கொடுத்தது 2 ஹிட், எடுத்தது 9 ஸ்ட்ரைக்அவுட் (அடிக்க விடாமலே அவுட்), ஒரு வாக் (மோசமான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் பேஸ்) கூட இல்லை. ரேஸ் 1-0 முன்னிலை. கெவின் கேஷ் டக்அவுட்டிலிருந்து புறப்படுகிறார். அவர் வருவதைப் பார்த்ததுமே ஸ்னெல்லின் வாயிலிருந்து ஒரு வார்த்தை. சத்தம் கேட்கவில்லை, ஆனால் கேமராவுக்குப் புரிந்தது. கேஷின் நடையில் தயக்கமே இல்லை. ஏற்கெனவே எடுத்த முடிவை நிறைவேற்ற வருகிறவரின் நடை. அடுத்து வரப்போகிற பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அன்றிரவு ஸ்னெல்லிடம் ஆளுக்கு இரண்டு முறை வந்து, ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட் ஆகியிருந்தார்கள். ஸ்னெல் போனதில் தனக்கு மகிழ்ச்சிதான் என்று எதிரணி மேனேஜர் டேவ் ராபர்ட்ஸே பிறகு சொன்னார்.

அந்த நடையைத்தான் இத்தனை வருடமும் உங்களிடம் நியாயப்படுத்தி வந்தேன். இன்றும் முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஒரே பிட்சரை மூன்றாவது சுற்றில் சந்திக்கும்போது பேட்டர்கள் கூடுதலாக அடிக்கிறார்கள். கை சோர்வதைவிட, பேட்டரின் கண் பழகிவிடுவதுதான் பெரிய காரணம். பந்து கையை விட்டுப் பிரியும் இடம், ஸ்லைடர் எங்கே திரும்பும், கர்வ்பால் எவ்வளவு இறங்கும் எல்லாம் இரண்டு முறை பார்த்தாயிற்று. முதல் ஐந்து இன்னிங்ஸில் பட்டையைக் கிளப்பியவர்களுக்கும் மூன்றாவது சுற்றில் இதே கதிதான். இன்று அவன் கை நன்றாக இருக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அடுத்த பேட்டரைக் கட்டுப்படுத்துவதில்லை. அந்த வருடம் ஸ்னெல் ஒரு ஆட்டத்தில்கூட ஆறு இன்னிங்ஸை முடித்ததில்லை. டாம்பா பே ரேஸ் வேர்ல்ட் சீரிஸ் வரை வந்ததே இந்தக் கணக்கை நம்பித்தான். அதை அந்த ஒரு ராத்திரி மட்டும் மறந்துவிட வேண்டும் என்றீர்கள். ஏன் என்று கேட்டால் "கண்ணால் பார்" என்பீர்கள். அது எனக்குப் பதிலாகப் படவில்லை.

இனி நான் விட்டுக்கொடுக்கும் பாதி. நான் ஸ்னெல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன், புல்பென்னிலிருந்து (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) நடந்து வந்தவரைப் பார்க்கவில்லை. நிக் ஆண்டர்சன். சீசனில் அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் சராசரி ரன்) 0.55, வீசியது 16⅓ இன்னிங்ஸ். அந்த எண்ணை நீட்டித்தான் உங்கள் வாயை அடைத்தேன். ஆனால் பிளே-ஆஃப் தொடங்கிய பிறகு, இரண்டு மாத சீசனில் வீசியதற்குச் சற்றே குறைவான அளவை ஒரே மாதத்தில் வீசியிருந்தார். யாங்கீஸுடனான ஐந்தாவது ஆட்டத்தில் மட்டும் 2⅔ இன்னிங்ஸ். அந்த ராத்திரிக்கு முன் இறங்கிய ஆறு ஆட்டங்களிலும், ஒன்று விடாமல், ரன் கொடுத்திருந்தார். ஆறு ஆட்டம் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று நான் வாதாடினேன்.

என் பிழை அங்கேதான் அண்ணா. ஸ்னெல்லின் ஐந்து இன்னிங்ஸைத் தள்ளிவைத்த அதே கோலால் ஆண்டர்சனின் ஆறு ஆட்டங்களையும் அளந்தேன். இரண்டும் ஒன்றல்ல. நன்றாக வீசுவதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். ஓய்வில்லாமல் வீசிய கை என்பது உடம்பு, அதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. அடுத்த மார்ச்சிலேயே அவருடைய முழங்கைத் தசைநாரில் பகுதிக் கிழிசல் என்று செய்தி வந்தது. அந்த ராத்திரியே வலித்ததா என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் கேள்வியே "ஸ்னெல்லா, சராசரி ரிலீவரா (மாற்று பிட்சரா)" என்பதல்ல. ஸ்னெல்லா, களைத்த ஆண்டர்சனா? அப்படிக் கேட்டால் நான் ஸ்னெல் பக்கம்.

அதோடு அந்த வருடம் வந்த புதிய விதி. இறங்கும் ரிலீவர் மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். ஆகவே ஆண்டர்சனைக் கூப்பிட்ட நொடியில் பெட்ஸ் மட்டுமல்ல, சீகரும் டர்னரும் அவர் தலையில்தான். சீகர் இடதுகை பேட்டர், ஸ்னெல் இடதுகை பிட்சர். கையில் இருந்த அந்தச் சாதகத்தையும் கேஷ் கொடுத்துவிட்டார். ஸ்னெல்லிடம் ஃபாஸ்ட்பால், கர்வ்பால், ஸ்லைடர், சேஞ்ச்அப் என்று நான்கு வகை உண்டு. இரண்டே வகையை வைத்துக்கொண்டு மூன்றாவது சுற்றுக்குப் போகிறவருக்கும் நான்கு வைத்திருப்பவருக்கும் ஒரே அபராதம் போட முடியாது. அடுத்த நாளுக்கென்று சார்லி மோர்ட்டன் வேறு காத்திருந்தார், ஸ்னெல்லைச் சேமித்து வைக்க வேண்டிய தேவையும் இல்லை.

பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. பெட்ஸின் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் ஹிட்). வைல்ட் பிட்ச் (கேட்சர் பிடிக்க முடியாதபடி போன பந்து), 1-1. சீகர் தரையோடு முதல் பேஸ் பக்கம் தட்டிய பந்தில் பெட்ஸ் ஹோமுக்குப் பாய்ந்தார், 2-1. கடைசியில் டாட்ஜர்ஸுக்கு 3-1.

சரி, உங்கள் பக்கம் வருகிறேன். 2003 அக்டோபர் 16-ஐ நீங்கள் மறக்கவே விட்டதில்லை. யாங்கீஸுக்கு எதிராக பாஸ்டன் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ், எட்டாவது இன்னிங்ஸ், 5-3. பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில் மவுண்டுக்குப் (பிட்சர் நிற்கும் மேடு) போனார், பேசினார், பெட்ரோவை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். மட்சுயி ஒரு டபுள், பொசாடா ஒரு டபுள், 5-5. பெட்ரோவின் கணக்கு 123 பந்துகள். லிட்டில் மடையன், பிட்சரை எடுக்காததால். கேஷும் மடையன், எடுத்ததால். இருவரும் தோற்றார்கள் என்பதைத் தவிர உங்கள் தீர்ப்பில் வேறென்ன இருக்கிறது? இதைத்தான் அன்று கேட்டேன். நீங்கள் பதிலே சொல்லாமல் எழுந்து போனீர்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதில் இருந்தது அண்ணா, அதனால்தான் கோபம். பாஸ்டன் புல்பென்னில் டிம்லினும் எம்ப்ரீயும் அந்த மாதம் முழுக்க அருமையாக வீசிக்கொண்டிருந்தார்கள். டாம்பா புல்பென்னிலிருந்து வந்தவர் களைத்துப் போனவர். அடுத்து வருகிறவன் யார் என்று கேட்டால் லிட்டில் எடுத்திருக்க வேண்டும், கேஷ் விட்டிருக்க வேண்டும். உங்கள் இரண்டு தீர்ப்பும் ஒரே அளவுகோலில் நிற்கின்றன. இதை ஒரு தடவை சொல்லியிருந்தால் அன்றே ஒப்புக்கொண்டிருப்பேன். நீங்கள் சொன்னதெல்லாம் "ஜாக் மோரிஸ்" என்ற ஒரு பெயர்.

மோரிஸும் இதே அக்டோபர் 27-தான், 1991. மினசோட்டாவின் பிட்சராக வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தில் 10 இன்னிங்ஸ், 126 பந்துகள், 1-0. போதும் என்று சொல்லியும் மோரிஸ் கேட்கவில்லை, மேனேஜர் டாம் கெல்லி விட்டுக்கொடுத்தார். அழகான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் 2015 வேர்ல்ட் சீரிஸில் மெட்ஸ் பிட்சர் மாட் ஹார்வியும் அப்படித்தான் பந்தைக் கேட்டு வாங்கினார். எட்டு இன்னிங்ஸ், ரன் இல்லை, 2-0. ஒன்பதாவதில் கேயினுக்கு ஒரு வாக், ஹாஸ்மரிடம் ஒரு டபுள், அதன் பிறகுதான் மேனேஜர் டெர்ரி காலின்ஸ் எழுந்து வந்தார். 12 இன்னிங்ஸ் போய் மெட்ஸ் 7-2 என்று தோற்றது. ஹார்வி பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றுவீர்கள். நானும் யோக்கியமில்லை. 2018 வேர்ல்ட் சீரிஸில் டாட்ஜர்ஸ் பிட்சர் ரிச் ஹில் 6⅓ இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் கொடுத்திருந்தபோது ராபர்ட்ஸ் எடுத்தார், 4-0 இருந்த ஆட்டம் 9-6 என்று கை நழுவியது. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் வாயைத் திறந்ததில்லை.

கேஷைக் கோழை என்று நீங்கள் சொன்னதை மட்டும் இன்றும் ஏற்க மாட்டேன். கோழையாக இருந்தால் ஸ்னெல்லை விட்டிருப்பார். தோற்றாலும் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

2025 பிளே-ஆஃபில் மில்வாக்கியுடனான முதல் ஆட்டத்தைப் பார்த்தீர்களா? அதே ஸ்னெல், இப்போது டாட்ஜர்ஸ் சட்டையில். எட்டு இன்னிங்ஸ், ஒரே ஹிட், 10 ஸ்ட்ரைக்அவுட், 103 பந்துகள். ஒன்பதாவதுக்கு ராபர்ட்ஸ் ரிலீவர் சசாகியை அனுப்பினார். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று அந்த நிமிடமே உங்களிடம் கேட்கத் தோன்றியது. போனைக் கையில் எடுத்து, கீழே வைத்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். எட்டாவது இன்னிங்ஸ் முடிந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு யோசியுங்கள். சசாகியா, ஸ்னெல்லா? பதிலை இங்கே எழுத வேண்டாம், போன் செய்து சொல்லுங்கள்.