முகாம் முடிந்த திங்கட்கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு,

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் நீக்கியதிலிருந்து தமிழ்ப்பள்ளிப் பெற்றோரிடம் ஒரே புலம்பல்: "சோதனை இல்ல, அதான் பிள்ள புத்தகத்தையே தொடுறதில்ல." இதற்கு மருந்தாகப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டத் தன்முனைப்பு முகாம் நடத்துகின்றன. சனிக்கிழமை மண்டபத்தில் ஒலிபெருக்கி, கைதட்டல், பாதபூஜை. பிள்ளையும் அழும், அம்மாவும் அழுவார். அழுவதில் தப்பில்லை. ஆனால் திங்கட்கிழமை 502இல் 178ஐக் கழிக்கச் சொன்னால், அதே பிள்ளை 476 என்றுதான் எழுதும்.

ஏன் 476? ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறது: எட்டில் இரண்டு, ஏழில் சுழியம், ஐந்தில் ஒன்று. பத்தின் இடத்தில் சுழியம் நிற்பதால் யாரிடம் கடன் வாங்குவது என்று தெரியவில்லை. இதற்குப் பெயர் சோம்பல் இல்லை. தானே உண்டாக்கிக்கொண்ட ஒரு தப்பான விதியை அது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. சிவப்பு மையில் கோடு கிழித்து 'கவனம் தேவை' என்று எழுதினால் எதைத் திருத்தும்? "விடையோடு 178ஐக் கூட்டிப் பார்" என்று எழுதுங்கள். 654 வரும், எங்கோ இடிக்கிறது என்று அதுவே கண்டுகொள்ளும். பிறகு ஐஸ்கிரீம் குச்சிக் கட்டுகளை எடுத்து, ஒரு நூற்றைப் பத்துப் பத்துகளாகப் பிரித்து, அதில் ஒரு பத்தை அவிழ்த்து ஒன்றுகளாக்கிக் காட்டினால் 324க்கு வந்து சேரும். ஆர்வம் பெரும்பாலும் இதற்குப் பின்னால்தான் வருகிறது.

நோட்டில் புள்ளி (மதிப்பெண்) போடுவதையும் யோசிக்க வேண்டும். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியரின் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ஆசிரியரே வகுப்பில் மதிப்பிட்டுத் தரும் வகுப்பறை மதிப்பீட்டின் ஆறு அடைவுநிலைகளும் இப்போது புள்ளி மாதிரியே ஆகிவிட்டன. "எத்தனாவது நிலை?" என்று கேட்டுவிட்டு அறிக்கையை மூடிவிடுகிறோம்.

பாடம் தொடங்கும் முதல் 5 நிமிடத்தில் ஐந்து கேள்விகள் போதும்: நேற்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று. புத்தகம் மூடியிருக்க வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரின் 2006 ஆய்வில், 5 நிமிடம் கழித்து வைத்த சோதனையில் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். 'எல்லாம் படிச்சிட்டேன்' என்று பிள்ளை சொல்வது பொய்யில்லை. படித்தவுடன் அப்படித்தான் தோன்றும்.

இது கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. ஐந்து கேள்விக்கும் புள்ளி பதிந்தால் பிள்ளை பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும். முதலில் பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்றவர்கள் யோசிக்க மாட்டார்கள். கேள்வி, 3 விநாடி மௌனம், பிறகு பெயர். கை தூக்குபவர்களையே கேட்டுக்கொண்டிருந்தால் பின்வரிசை தூங்கிவிடும். ஏ4 தாளைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒயிட்போர்ட் மார்க்கரும் துடைக்கப் பழைய காலுறையும் கொடுத்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் விடையைத் தூக்கிக் காட்டலாம். நம் தோட்டப்புற (எஸ்டேட்) பள்ளிகள் பலவற்றில் ஒரு வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அரை நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

ஷிப்ட் முடிந்து களைத்து வரும் பெற்றோருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "புத்தகத்த மூடிட்டு இன்னிக்குப் படிச்சத சொல்லுய்யா" என்று 10 நிமிடம் காது கொடுத்தால் போதும். தடுமாறினால் அதுவே புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்; நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் முகாம் செலவைப் பேசுமுன், ஒவ்வொரு வகுப்புக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையும் மார்க்கரும் வாங்க ஒப்புதல் கொடுங்கள். மார்க்கரை மட்டும் கூடுதலாகவே வாங்குங்கள், முதல் வாரத்திலேயே பாதி மூடி தொலைந்துவிடும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட்