ஜூன் மாதம், காலை 11 மணி, சவாரோ ஏரி: நம் சுற்றுலாக் குழுவினருக்கு ஒரு மடல்

அரிசோனாவில் பீனிக்ஸை ஒட்டியுள்ள சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்காக ஆண்டுதோறும் சுற்றுலா ஏற்பாடு செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் சவாரோ ஏரி, காலை 11 மணிக்குக் கரையில் கூடுவது, 1 மணிக்குப் பிரியாணி, அப்புறம் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் ஆட்டம் என்று இந்த ஆண்டும் அறிவிப்பு வந்திருக்கிறது. அண்டாவில் சமைத்து, வண்டியில் ஏற்றி, வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிடும் உங்கள் உழைப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்த 11 மணியை மட்டும் மாற்றுங்கள். அது முடியாது என்றால் மாதத்தை மாற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே காணாமல் போய்விடும் என்பதால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

11 மணி என்று சொன்னால் நம்மவர்கள் 12 மணிக்கு வருவார்கள். கோடைச் சனிக்கிழமைகளில் புட்சர் ஜோன்ஸ் கரையின் வண்டி நிறுத்துமிடம் அதற்கு வெகுநேரம் முன்பே நிரம்பிவிடும். இடம் தேடி அலைந்து, பாய் விரித்து, சாப்பாட்டைத் திறக்க 2 மணி ஆகும். பீனிக்ஸில் வெப்பம் உச்சத்துக்குப் போவது நண்பகலில் அல்ல, மாலை 4 மணி வாக்கில். அதாவது நாள் ஏற ஏறக் கொதிக்கும் அந்த நான்கு மணி நேரத்தைத்தான் நாம் தேடிப்பிடித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அந்த வெயிலில் சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது வேறு. கோழிப் பிரியாணிக்கு இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் நான் என்ன செய்ய?

எனக்கு உண்மையில் கவலை ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களைப் பற்றித்தான். பள்ளி விடுமுறை என்பதால் அவர்கள் வருவதும் இந்த மாதங்களில்தான். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்றால், "வேலூர் வெயிலைப் பார்த்தவங்கப்பா நாங்க, இதெல்லாம் ஒரு வெயிலா?" என்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. வேலூரில் வியர்த்துக் கொட்டும், சட்டை முதுகில் ஒட்டும், கசகசப்புத் தாங்காமல் தானாகவே நிழலுக்குப் போய்விடுவோம். இங்கே ஜூன் மாதப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். வியர்வை தோலுக்கு வந்த மாத்திரத்தில் ஆவியாகிறது. சட்டை நனையாது, நெற்றியைத் துடைக்க வேண்டியிருக்காது. உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கடைசியில் உதட்டோரத்திலும் காதோரத்திலும் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைப் பேரப்பிள்ளை கவனித்துச் சொல்ல வேண்டும். அதற்குள் தலைவலி வந்திருக்கும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் இன்னும் மோசம்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் சரியல்ல. உப்பு இறங்கி மயக்கம் வரும். கிராண்ட் கேன்யனில் நடப்பவர்களிடம் உப்புள்ள தின்பண்டம் சாப்பிட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். அந்த வகையில் நம் நீர்மோரும் ஊறுகாயும் போதும், தனியாக எதையும் வாங்க வேண்டாம். அதே கிராண்ட் கேன்யனில், கோடையில் காலை 10 முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தாக்கின் உள்பாதைகளில் நடக்காதீர்கள் என்று பூங்காக் காவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பீனிக்ஸ் மாநகராட்சி 2021 முதல், கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் கேமல்பேக் மலைப் பாதைகளைப் பகலில் மூடியே வைக்கிறது. 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் நகரின் மலைப் பாதைகளில் நாயை அழைத்துப் போவதற்கே தடை. நாம் தாத்தா பாட்டிகளை அழைத்துப் போகிறோம்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. 2023இல் பீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து 110 டிகிரியோ அதற்கு மேலோ அடித்தது, அந்த ஆண்டு பீனிக்ஸை உள்ளடக்கிய மாரிகோபா கவுண்டியில் வெப்பத்தோடு தொடர்புள்ள மரணங்கள் 645. அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா போனவர்கள் அல்லர். வீடில்லாதவர்களும், ஏசி பழுதான வீடுகளில் இருந்த முதியவர்களும்தான் அதில் நிறைய. நமக்கு வீடும் ஏசியும் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு எந்த நேரத்தில் வெளியே வருவது என்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். சவாரோ ஏரி நம் ஊர் ஏரி மாதிரி கரை கட்டித் தேக்கிய, ஆழம் குறைந்த ஏரி அல்ல. சால்ட் ஆற்றின் பள்ளத்தாக்கை மறித்து வரிசையாக நான்கு அணைகள் கட்டினார்கள். 1911இல் முடிந்த ரூஸ்வெல்ட் அணை முதலாவது, 1930இல் முடிந்த ஸ்டூவர்ட் மவுண்டன் அணை கடைசி. அந்தக் கடைசி அணைக்குப் பின்னால் நிற்பதுதான் இந்த ஏரி. அடியில் இருப்பது பாறைப் பள்ளத்தாக்கு. முழங்கால் ஆழத்தில் நின்று பந்து எறிந்துகொண்டிருக்கும் குழந்தை நாலு எட்டுப் பின்னால் போனால் கால் தரையில் படாது. கரையில் உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. படகில் போனால் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் உயிர்காப்பு உடை அணிந்தே ஆக வேண்டும் என்பது அரிசோனா சட்டம். கரையில் விளையாடும் பிள்ளைக்குச் சட்டம் ஒன்றும் சொல்வதில்லை, அதனால் நாம் சொல்வோம்: அளவான உயிர்காப்பு உடை போடாத பிள்ளை தண்ணீரில் இறங்கக் கூடாது. கையில் மாட்டும் காற்றடைத்த பொம்மை வளையங்கள் கணக்கில் சேராது. நீந்தத் தெரியாத அப்பாக்களுக்கும் இதே விதிதான். நம்மில் அவர்கள் நிறையப் பேர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கரி அடுப்பு வேண்டாம். ஜூனில் பெரும்பாலும் தீத் தடை அமலில் இருக்கும். எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதை இந்த ஏரி அமைந்திருக்கும் டோன்டோ தேசிய வனத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020 ஜூனில் இதே பக்கத்தில் ஒரு வண்டியில் பிடித்த தீ பரவி 1,90,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. சவாரோ கள்ளிக்குக் கை போன்ற கிளை முளைக்கவே 50 ஆண்டுக்கு மேல் ஆகும். எரிந்த சரிவு அந்தக் கள்ளிகளோடு பழையபடி நிற்பதை நம்மில் யாரும் பார்க்கப் போவதில்லை.

சின்ன விஷயம் ஒன்று: ஆளுக்கொரு பழைய தலைசீப்பைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சோயா (cholla) என்ற முள் கள்ளியின் துண்டு செருப்பிலோ ஆடுசதையிலோ ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்காதீர்கள். அது அடுத்து விரலைப் பிடித்துக்கொள்ளும். சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் கொடுத்து ஒரே வீச்சாக வெளிப்பக்கம் தள்ளினால் துண்டு பறந்துவிடும். எதிரில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஜூனில் வெளியே போகவே கூடாதா? போகலாம். அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் 5.20க்கெல்லாம் சூரியன் வந்துவிடும். 5 மணிக்கு ஏரிக்கரையில் இருந்தால் நிறுத்துமிடம் கிடைக்கும், மணல் சுடாது, எதிர்ப் பாறைச் சுவர் மெல்லச் சிவப்பதை அப்பா அம்மா நாற்காலி போட்டுப் பார்க்கலாம். கொடுத்து வைத்திருந்தால் சால்ட் ஆற்றுக் குதிரைகள் வரும். அவற்றுக்குக் கேரட் நீட்ட வேண்டாம். இட்லி, சட்னி, காபி. 9.30க்குக் கடையைக் கட்டினால் 10.30க்கு வீட்டில் ஏசிக்குக் கீழே இருப்போம். டோன்டோ பாஸை, அதாவது அந்த வனத்தில் வண்டி நிறுத்துவதற்கான சீட்டை, வண்டிக்கு ஒன்றாக முன்கூட்டியே வாங்கிவிடச் சொல்லுங்கள், ஏரிக்கு வந்த பிறகு தேடக் கூடாது.

விடியலில் எழ மாட்டோம் என்பவர்கள் மலையேறட்டும். பேசன் வழியாக மொகொயோன் விளிம்புக்குப் போனால் 7,500 அடி உயரத்தில் வுட்ஸ் கேன்யன் ஏரி. சுற்றிலும் பைன் மரங்கள், வாடகைப் படகு, பீனிக்ஸைவிட 20 டிகிரிக்கு மேல் குளிர்ச்சி. தூண்டில் போடப் போகிறவர்களில் 10 வயது ஆனவர்களுக்கு உரிமம் வேண்டும். ஜூலை பிறந்துவிட்டால் மதியத்துக்கு மேல் அங்கே இடி மின்னல் இறங்கும், அதற்குள் தண்ணீரை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய கூட்டத்தைப் பள்ளிகளின் அக்டோபர் விடுமுறைக்கு மாற்றிவிட்டு, ஜூனில் விடியல் சந்திப்பு ஒன்றை மட்டும் சிறியதாக வைக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். விடியலுக்கு ஒப்புக்கொண்டால் இட்லியும் நீர்மோரும் என் பொறுப்பு. ஐஸ் பெட்டிகளை மட்டும் யாராவது கொண்டுவர வேண்டும்.

அன்புடன்,
சாண்ட்லரிலிருந்து ஒரு குடும்பத்தலைவி