மூவர் சேர்ந்து எழுதினால் கதையாகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் இதழ்களின் கதைப் போட்டி விதிமுறைகளில் ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். வார இதழ் ஒன்று அறிவித்த துப்பறியும் கதைப் போட்டிக்கு நானும், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும், எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும் சேர்ந்து எழுதிய கதையை அனுப்பியிருந்தோம். ‘இது என் சொந்தப் படைப்பு’ என்ற உறுதிமொழியின் கீழ் மூன்று கையெழுத்துகள் இருந்ததால் அது படிக்கப்படாமலே திரும்பி வந்தது. யாராவது ஒருவர் பெயரில் அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். பொய்யைக் கண்டுபிடிப்பதற்காகவே எழுதிய கதைக்கு முதல் தாளிலேயே ஒரு பொய்யை எழுதித் தர எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்தக் கதையில் யார் பங்கு எது என்று எங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அரிசி ஆலை முதலாளி ஒருவர் மார்கழி மாதத்து விடியற்காலையில் தம் வீட்டில் இறந்து கிடக்கிறார். முடிச்சு என்னுடையது, எழுத்து மகளுடையது. காவலர் ஐந்து மணிக்குச் சமையலறைக்குள் நுழையும்போது இட்லி மாவு பொங்கித் தரையில் வழிந்து கிடந்ததாக அவள் வெறும் காட்சி அழகுக்காக எழுதியிருந்தாள். வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், “சமையல்காரி ராத்திரி ஒன்பது மணிக்கு அரைச்சதாச் சொன்னியே, மார்கழிப் பனியில அஞ்சு மணிக்குள்ள மாவு எப்படிடி பொங்கும்? மத்தியானமே அரைச்சிருக்கணும்” என்றார். நேரத்தைத் திருத்த நான் பேனாவை எடுத்தேன். மகள் தடுத்தாள். “திருத்தாதீங்கப்பா, சமையல்காரி பொய் சொல்றா.” மூன்று வாரம் யோசித்து நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த கொலையாளி அந்த இரவோடு நிரபராதியாகிவிட்டார். முடிச்சைப் போட்டவனுக்கு விடை முன்பே தெரிந்திருப்பதால் ஓட்டை அவன் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் துப்பறியும் கதைக்கு வீட்டிலேயே இன்னொரு சந்தேகக்காரர் தேவைப்படுகிறார்.

இது எங்கள் வீட்டு விசித்திரம் அன்று. துப்பறியும் நாவல்களில் புகழ்பெற்ற எல்லரி குயின் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர்கள் புரூக்ளினில் பிறந்த பிரெடெரிக் டானே, மான்ஃப்ரெட் லீ என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள். 1928இல் ஓர் அமெரிக்க இதழ் 7,500 டாலர் பரிசு அறிவித்து நடத்திய போட்டிக்காகத்தான் அவர்கள் முதல் நாவலை எழுதினார்கள். பரிசு அவர்களுக்கே என்று சொல்லப்பட்ட பிறகு இதழ் கைமாறியது, புதிய உரிமையாளர் பரிசை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஆயினும் அந்த நாவல் 1929இல் நூலாக வெளிவந்து அவர்களுக்குப் புகழைத் தேடித் தந்தது. டானே முடிச்சையும் தடயங்களையும் விரிவாகக் குறித்துக் கொடுப்பார், லீ அவற்றை நாவலாக வளர்த்தெடுப்பார். இடையே இருவரும் கடிதத்தில் போட்டுக்கொண்ட சண்டைகள் தனி நூலாக வெளிவரும் அளவுக்கு இருந்தன. சுவீடனின் மாய் ஷோவால், பேர் வாலூ இணையரோ குழந்தைகள் உறங்கிய பிறகு ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதியே, 1965 முதல் 1975 வரை காவல்துறை அதிகாரி மார்ட்டின் பெக்கை வைத்துப் பத்து நாவல்களை முடித்தார்கள். 1996இல் துப்பறியும் நாவலாசிரியராக அறிமுகமான சார்லஸ் டாட் என்ற பெயரும் ஒரு தாயும் மகனும் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர்தான்.

பலர் எழுதினால் பின்னாளில் உரிமைத் தகராறு வரும் என்று இதழ்கள் அஞ்சலாம். ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே கூட்டுப் படைப்பு என்பதற்குப் பிரிவு 2இல் விளக்கம் தருகிறது: ஒருவர் பங்களிப்பு மற்றவருடையதிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து உருவாக்கியது. எங்கள் மாவுப் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை கிடைக்காது. அத்தகைய படைப்புக்குப் பதிப்புரிமை, எழுதியவர்களுள் கடைசியாக மறைபவரின் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்றைப் போட்டி விண்ணப்பம் ஏன் ஏற்க மறுக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே, தங்கள் ஞாயிறு இணைப்பும் கதைகளுக்கு இடம் தருவதால், இனிப் போட்டி அறிவிக்கும்போது உறுதிமொழியில் ‘என்’ என்பதை ‘என் / எங்கள்’ என்று மாற்றி, எழுதிய அனைவரும் கையொப்பமிட வழி செய்ய வேண்டுகிறேன். காசோலை யாராவது ஒருவர் பெயரில் வந்தால் போதும், பங்கீடு எழுதியவர்கள் பாடு. மாவின் பேரில் பாதி தனக்கு என்று மாமியார் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மன்னார்குடி.