கேலிச்சித்திரக் கண்காட்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு, வணக்கம்.

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் அரசியல் கேலிச்சித்திரங்களை ஒரே கூடத்தில் பார்க்க வைத்ததற்கு நன்றி. ஆனால் உழைக்கும் ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கம் (Chartism) 1848இல் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மனுவைக் கிண்டலடிக்கும், ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை இதழின் படங்களுக்குக் கீழே ‘கள்ளக் கையெழுத்தால் கவிழ்ந்த மனு’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த விளக்க அட்டையை மாற்றுங்கள்.

விக்டோரியா மகாராணி, வெலிங்டன் பிரபு, ‘சப்பைமூக்கு’ என்றெல்லாம் கையெழுத்து இருந்தது உண்மைதான். 57 லட்சம் என்று சொல்லிக் கொடுத்த மனுவில் 19,75,496 பெயர்களே இருப்பதாக நாடாளுமன்றக் குழு அறிவித்ததும் உண்மைதான். சரி, எப்படி எண்ணினார்கள்? 13 எழுத்தர்கள், 17 மணி நேரத்துக்குச் சற்று மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு விநாடிக்கு இரண்டு பெயருக்கு மேல் வருகிறது! பல தாள்களில் பெயர்களெல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்தன என்றும் குறை சொன்னார்கள். எழுதத் தெரியாதவர் பெயரை இன்னொருவர்தானே எழுத முடியும்? போலிகளைக் கழித்தாலும் லட்சக்கணக்கான உழைப்பாளிகள் மிஞ்சுகிறார்கள்.

வில்லியம் கஃபே பெயரே உங்கள் கூடத்தில் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அடிமையாக இருந்தவரின் மகன், லண்டன் தையற்காரர், மனு ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்த குழுவின் தலைவர். ‘பஞ்ச்’ அவரையும் விடவில்லை. பத்திரிகைகள் அவருடைய நிறத்தைச் சொல்லி ஏளனம் செய்தன. அந்த ஏளனம் வீடு வரை வந்தது: துப்புரவு வேலை செய்து பிழைத்த அவர் மனைவியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டில் கஃபேக்கு ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனை. பின்னர் மன்னிப்பு கிடைத்தும் ஊர் திரும்பவில்லை. 1870இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் ஏழைகள் விடுதியில் இறந்தார். அந்தச் சிரிப்புக்கு இந்தக் குடும்பம் கொடுத்த விலையை அட்டையில் எழுத இரண்டு வரி போதாதா?

இதற்கு முன்பே, 1842இல் இதே இயக்கத்தின் மனு 33 லட்சம் பேர் கையெழுத்துடன் வந்தது. மனுதாரர்களை அழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்கலாம் என்ற தீர்மானத்தையே நாடாளுமன்றத்தில் 287க்கு 49 என்ற வாக்குக் கணக்கில் தோற்கடித்தார்கள். மனுதாரர்கள் கேட்டவற்றில் ரகசிய வாக்கெடுப்பு 1872இல் வந்தது, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் 1911இல் வந்தது. ஏழைகள் மனுக் கொடுத்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு அவர்கள் கேட்டதையே தாங்கள் தந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். நீங்களும் அந்தச் சிரிப்பை மட்டும் சுவரில் மாட்டினால் எப்படி?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படங்களை எடுக்கச் சொல்லவில்லை. கண்காட்சி அடுத்த ஊருக்குப் போகும் முன் அட்டையை மட்டும் மாற்றுங்கள். எண்ணிய விதத்தையும் கஃபே பெயரையும் அதில் சேருங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்